எதிர்க்கரையில் இருப்பவருக்கு

பத்து கவானில், இரண்டாம் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
தகரக் கொட்டகையில் ஒன்பதாம் மேசை என்னுடையது.
பாயான் லெப்பாஸில் குளிரூட்டிய அறையில்
நீங்கள் வரைந்து முடித்த பொருளை
ஆறேழு வருடம் கழித்து
நான் இங்கே திறக்கிறேன்.
திறக்கிறேன் என்பது மரியாதைக்கு.

உடைக்கிறேன்.

டேப்லெட் என்றால் முதலில் சூட்டுத் துப்பாக்கி.
கண்ணாடியின் ஓரம் நெகிழும்வரை
தொண்ணூறு எண்ணுவேன்.
அப்புறம் பழைய பஸ் அட்டையை நுழைத்து
பாலாடை எடுப்பதுபோல் இழுப்பேன்,
அவசரப்பட்டால் கிழியும்.
பேட்டரிக்கு அடியில் மறுபடியும் பசை.
எதற்கு?
அது எங்கே ஓடிப் போகும்?
உப்பிய பேட்டரியை வளைத்தால் என்ன ஆகும் என்று
தில்மாயாவின் இடது முழங்கை சொல்லும்.
மணல் வாளி அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.
மணல் மெதுவாகத்தான் விழுந்தது.

மூன்று கால் தலையுள்ள திருகாணிகளைப் பற்றிச்
சொல்லவே வேண்டாம்.
அதற்கான முனையை சைக்கிள் கம்பியில்
நானே அரைத்துக்கொண்டேன்.

ரைஸ் குக்கர் மூடியில் பிளாஸ்டிக்குக்குள் புதைத்த பித்தளை.
தனித்தனியாக வந்தால் கிலோவுக்கு ஒரு விலை,
ஒட்டிக்கொண்டு வந்தால் விலையே இல்லை.
தவுக்கே லோ முகத்தைச் சுளித்து மூலையைக் காட்டுவார்.
அந்த மூலை இப்போது என் உயரத்துக்கு மேல்.

கோபத்தில் சொல்லவில்லை.
என் தோட்டைப் பாருங்கள்.
நிபோங் திபால் அடகுக் கடையில்
இதுவரை நான்கு முறை கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.
மூன்று சுற்று, திருகாணி உள்ளங்கையில்.
காதும் புண்ணாகவில்லை, தங்கமும் நெளியவில்லை.
செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது,
போட்டுக்கொள்பவளுக்குக் கஷ்டமும் வரும்,
கழற்றுவாள் என்று.

போன செவ்வாய்க்கிழமை பசியாறிவிட்டு வந்து
கூடையிலிருந்து ஒரு வைஃபை பெட்டியை எடுத்தேன்.
சாம்பல் நிறம். பெயரை யாரோ சுரண்டியிருந்தார்கள்.
அடியில் ஒரே ஒரு திருகாணி, சாதாரணக் கூட்டல்குறித் தலை.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி.
அது காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தேன்.

டக்.

மூடி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.
கம்பிகளை ஒட்டவில்லை, செருகியிருந்தார்கள்.
மூடியின் உள்புறம், இது இன்ன பிளாஸ்டிக் என்று
அச்சிலேயே வார்த்திருந்தது.
பதினோரு நொடி.
ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து
மறுபடி மூட்டினேன்.
மறுபடி திறந்தேன்.
தில்மாயா கேட்டாள், கொடுத்தேன்.
ஏழாம் மேசை ஷஃபீனாஸ் கேட்டாள்.
பத்தரை மணித் தேநீருக்குள் அது
கல்யாண ஆல்பம்போல் கை மாறி மாறி
கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தது.
லோ வந்து பார்த்தார்.
"எடை போடு" என்றார்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது
உங்கள் பக்கத்து விளக்குகள் கடலில் விழுந்து நடுங்கின.
ஏதோ ஒரு கூட்டத்தில்,
பசைதான் மலிவு, மூன்று காசு மிச்சம் என்று முடிவாகி
எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரத்தில்
யாரோ ஒருவர் உட்கார்ந்தபடியே கேட்டிருக்க வேண்டும்,
"கடைசியில் இதை எப்படித் திறப்பாள்?"

திறப்பார்கள் என்றுதான் கேட்டிருப்பீர்கள்.
திறக்கப்படும் என்றுகூட இருக்கலாம்.
நான் திறப்பாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பூ மலர்வதையும் அவிழ்வது என்கிறோம்,
முடிச்சுக்கும் அதே சொல்தான்.
பள்ளியில் படித்தது.
கட்டைவிரலுக்கு இப்போதுதான் புரிந்தது.

ஒரு குறை மட்டும்.
அம்புக்குறி சாம்பல்மேல் சாம்பல்.
எங்கள் மேசைக்கு மேலே குழல் விளக்கு
நான்கு மணிக்கு மேல் சிமிட்டத் தொடங்கும்,
தில்மாயாவுக்கு வெள்ளெழுத்து வேறு.
அடுத்த முறை
வெள்ளையில் போடுங்கள்.